வயது நிறைந்த நாளில்

மாலைத் திருப்பலி முடிந்து கோவில் கதவுகளைச் சாத்தும் வேளையில், பங்கு இல்லத்தின் திண்ணையில் ஓர் இளைஞன் காத்திருந்தான். ஒரு தகரப் பெட்டி, ஒரு கோப்பு. அவனுடைய உடைமை அவ்வளவே. எட்டு வயது முதல் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தவன். அன்று அவனுக்கு 18 வயது நிறைந்திருந்தது. கோப்பில் பத்தாண்டு உத்தரவுகள் வரிசையாக இருந்தன. இவனை எங்கே வைப்பது, எந்தப் பள்ளிக்கு அனுப்புவது, உறவினர் வந்தால் பார்க்க விடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உத்தரவு. கடைசித் தாளில் இரண்டே வரிகள். வயது நிறைந்தமையால் கோப்பு முடிக்கப்படுகிறது என்பது அவற்றின் சாரம்.

“சாமி, நேற்றுவரை என் காரியத்தைப் பேசித் தீர்மானிக்க ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு என்னை என்ன ஏது என்று கேட்க ஒருவரும் இல்லை. ஒரே ராத்திரியில் நான் என்ன மாறிப்போனேன்?” என்று அவன் கேட்டான்.

நான் சொன்ன மறுமொழியை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. “நீ இனி வளர்ந்தவன், உன் காலில் நிற்கப் பழகு” என்றேன். ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கையிலிருந்த சிறு தொகையையும் கொடுத்தேன். அவன் படியிறங்கிப் போனபின், ஒரு கடமை முடிந்தது போன்ற ஆறுதல் எனக்கு உண்டாயிற்று. அந்த ஆறுதலே பின்னர் என்னை உறுத்தத் தொடங்கிற்று. அவன் கேட்ட கேள்வி அவனுடையது மட்டுமன்று. நீதிமன்றங்களும் குழந்தைகள் நலக் குழுக்களும் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி அது. ஒரு குழந்தையின் நலனுக்காகத் தொடங்கிய வழக்கு, அக்குழந்தை வயது வந்தவராகும் நாளில் என்னவாகிறது? என்னவாக வேண்டும்?

முதலில், அந்த எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் புதுவைக்கு இதில் ஒரு தனி அனுபவம் உண்டு. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சிவில் சட்டம் முழு வயதை 21 என வகுத்தது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் பழைய சொந்தச் சட்டத்தைத் துறந்து அச்சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பங்களில் முன்னோர்கள் 21-ஆம் வயதில்தான் மேஜர் ஆனார்கள். அதே காலத்தில், சில கல் தொலைவில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த கடலூரில், 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுச் சட்டப்படி ஒருவர் 18-இல் மேஜர் ஆனார். 19 வயதுப் பையன் ஒருவன் காலையில் புதுவையிலிருந்து புறப்பட்டு மாட்டு வண்டியில் கடலூர் போய்ச் சேர்ந்தால், எல்லையின் இரு பக்கத்திலும் அவன் வயதொத்தவர்களுக்குச் சட்டம் இரு வேறு பெயர் வைத்திருந்தது! பிரான்சு நாடு 1974-இல்தான் 18-க்கு இறங்கியது. திருச்சபையும் இதற்கு விலக்கன்று. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 21 என்றது. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பு 18 என்கிறது.

இந்தியச் சட்டத்திலேயே இன்னொரு செய்தியும் உண்டு. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகள் மட்டும் 18-இல் அல்ல, 21-இல் தான் மேஜர் ஆவர் என்று 1875-ஆம் ஆண்டின் சட்டம் சொல்லிற்று. 1999-இல் அந்த வேறுபாடு நீக்கப்பட்டு, அனைவருக்கும் 18 என்றாயிற்று. ஆக, இவ்வெண் மனிதர் கூடி வகுத்த எண். காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெற்றோர் இன்னாரென்று அறியாத பிள்ளைக்குப் பிறந்த நாளும் தெரியாது. பள்ளிச் சான்றோ, உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றோ இல்லாதபோது, எலும்பு வளர்ச்சியைச் சோதித்து மருத்துவர் வயதைக் கணிக்கிறார். அக்கணிப்பில் இருபுறமும் இரண்டு ஆண்டு பிழை நேரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே குறிப்பிட்டுள்ளது. இவ்வாறு கணித்த வயதிலிருந்தே ஒரு பிறந்த தேதி பதிவேட்டில் ஏறுகிறது. அத்தேதி சுற்றி வரும்போது இல்லத்தின் கதவு திறந்து அவனை வெளியே விடுகிறது. உண்மையில் அவனுக்கு 17 வயதோ 16 வயதோ ஆகியிருக்கலாம்!

அப்படியானால் கோடே வேண்டாமா? வேண்டும். சட்டம் பொதுவான நிலையைக் கருதி இயற்றப்படுகிறது. ஒவ்வொருவரின் உள்ளத்தையும் அளந்து பார்த்து வயதை நிர்ணயிக்க எந்த நீதிபதியாலும் இயலாது. அப்படி அளக்கத் தொடங்கினால் வலியோர் தமக்கு வேண்டியபடி அளந்துகொள்வர். நிலையான கோடு ஏழைக்கும் பாதுகாப்பு. எனினும், பொதுச் சட்டம் தனியொரு நிலையில் தன் நோக்கத்துக்கே மாறாகப் போகும்போது, அதன் எழுத்தை விட்டு நோக்கத்தைக் காப்பது ஒரு நற்பண்பு எனப் புனித தாமஸ் அக்வினாஸ் கற்பிக்கிறார். ஆகவே, இக்கோட்டின் நோக்கம் என்ன என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

அந்த நோக்கத்தை அழகாகக் காட்டும் விதி ஒன்று நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. மைனர் ஒருவர் தாமே வழக்குத் தொடர முடியாது; அவருக்காக ‘வழக்கு நண்பர்’ ஒருவர் நின்று நடத்துவார். வழக்கு நடக்கும்போதே மைனருக்கு வயது நிறைந்துவிட்டால், அந்த வழக்கைத் தொடர்வதா கைவிடுவதா என்பதை அவரே தெரிவு செய்ய வேண்டும் என்கிறது 32-ஆம் கட்டளையின் 12-ஆம் விதி. தொடர்வதாயின் நண்பர் விலகுவார். இன்னார் மூலம் முன்பு மைனராக இருந்து இப்போது மேஜர் ஆனவர் என்று வழக்கின் தலைப்பே திருத்தி எழுதப்படும். அதுவரை மற்றவர் வாயால் பேசியவர் இனித் தம் வாயால் பேசுகிறார். தலைப்பில் செய்யும் அச்சிறு திருத்தத்தில் மனித மாண்பைப் பற்றிய ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது.

பெற்றோரிடையே பிள்ளைக்காக நடக்கும் வழக்குகளிலும் இதையே காண்கிறோம். குவைத்தில் வாழ்ந்த தந்தைக்கும் இந்தியாவில் வாழ்ந்த தாய்க்கும் இடையே இப்படியொரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதற்குள் மகளுக்கு 18 வயது நிறைந்துவிட்டது. தந்தை வாழும் நாட்டிற்குச் சென்று படிக்க விரும்புவதாக அவள் நீதிபதிகளிடம் கூறினாள். தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் உணர முடியும். ஆயினும் 2018 சனவரியில் நீதிமன்றம், வயது வந்த பெண்ணுக்குத் தான் மேலானதொரு காப்பாளராக அமர முடியாது என்று கூறி, அவள் விருப்பத்துக்கே விட்டது. குழந்தை இனி இருவர் பிடித்திழுக்கும் பொருளன்று, பேசும் ஆள்.

இவ்விடத்தில் யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவருக்கு இயேசு பார்வை தருகிறார். விசாரணை நடக்கிறது. பெற்றோரை அழைத்துக் கேட்கிறார்கள். இவன் எங்கள் மகன்தான், குருடனாகப் பிறந்தவன்தான் என்பதுவரை சொல்லும் அவர்கள், மற்றதை அவனிடமே கேட்குமாறு சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவன் வயது வந்தவன் என்பதே அவர்கள் காட்டும் காரணம். அவர்கள் கூறியதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் அப்படிக் கூறியது மகன் மேல் வைத்த மதிப்பால் அன்று, தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்படுவோமோ என்ற அச்சத்தால் என்று நற்செய்தியாளர் ஒளிவின்றி எழுதுகிறார்.

ஒரே வாக்கியம், இரண்டு பொருள். வயது வந்தவன், அவனே பேசட்டும் என்பது அவன் குரலுக்குக் கொடுக்கும் மரியாதையாகவும் இருக்கலாம். நம் கையைக் கழுவிக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம். நான் அன்று திண்ணையில் சொன்னது எந்தப் பொருளில்? கோப்பின் கடைசித் தாளில் இருந்த இரண்டு வரிகள் எந்தப் பொருளில்? சிந்தித்தால், குழப்பம் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். குழந்தை தொடர்பாக நமக்கு இருப்பவை மூன்று: அவன் மேல் செலுத்தும் அதிகாரம், அவனுக்கு ஆற்ற வேண்டிய கடமை, அவன் குழந்தையாக இருந்தபோது நடந்தவற்றுக்கான கணக்கு. மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அதிகாரம் மட்டுமே அந்நாளில் முடிகிறது என்பதே என் துணிபு.

கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். சிறுவன் ஒருவன் குற்றம் செய்கிறான். விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது. அதற்குள் அவனுக்கு வயது நிறைந்துவிடுகிறது. அவன் சிறுவனா, பெரியவனா? நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட்ட நாளின் வயதே கணக்கு என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு கூறியது. அப்படியானால் காவல் துறையும் நீதித் துறையும் செய்யும் தாமதமே ஒருவனைப் பெரியவனாக்கித் தண்டித்துவிடும். 2005-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதைத் திருத்தி, செயல் நடந்த நாளின் வயதே கணக்கு என்று தீர்த்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், விசாரணை நடக்கும்போது 18 நிறைந்துவிட்டால், அவர் குழந்தையாகவே இருப்பதாகக் கொண்டு விசாரணையைத் தொடரலாம் என்கிறது. 16 முதல் 18 வயதுக்குட்பட்டோர் மிகக் கொடிய குற்றம் புரிந்ததாகக் கூறப்படின் பெரியவர்களைப் போல் விசாரிக்க அச்சட்டம் வழி திறந்தது என்பதும் உண்மையே. அது தனியே ஆராய வேண்டிய பொருள்.

இக்கணக்கைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2023 மார்ச்சில் வெளிவந்த தீர்ப்பு ஒன்றே போதும். 1994-இல் மகாராட்டிரத்தில் நடந்த கொடூரமான கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவர், செயல் நடந்தபோது தமக்கு 12 வயதே ஆகியிருந்தது என்று நெடுங்காலம் கழித்து நிறுவினார். பள்ளிப் பதிவேடு அதற்குச் சான்றாயிற்று. சட்டப்படி அவ்வயதினனை மூன்று ஆண்டுக்கு மேல் அடைத்து வைக்க இயலாது. அவரோ 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, அவற்றுள் பெரும்பகுதியைத் தூக்குக் கயிற்றின் நிழலிலேயே கழித்திருந்தார். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொலையுண்டோரின் குடும்பத்தாருடைய துயரம் பெரிது. அதைச் சிறுமைப்படுத்தல் ஆகாது. ஆனால் அறுத்தெறிந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

குழந்தைக்கு எதிராகப் பிறர் இழைத்த தீங்கின் கணக்கும் அவ்வாறே. அத்தீங்கைச் சொல்வதற்கான சொற்களே பலருக்கு வயது வந்த பின்தான் கிடைக்கின்றன. ஆகவேதான், மைனர் ஒருவரின் உரிமைக்கான காலக்கெடு அவர் மேஜர் ஆன பின்னரே ஓடத் தொடங்கும் என்று நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் வகுத்தது. திருச்சபையும் இதைக் கண்ணீரோடு கற்க வேண்டியிருந்தது. குருக்கள் சிறாருக்கு இழைத்த பாலியல் தீங்கைப் பற்றி 2001-இல் வெளியான விதிகள், வழக்குத் தொடரும் காலக்கெடு பாதிக்கப்பட்டவருக்கு 18 வயது நிறைந்த நாளிலிருந்து பத்தாண்டு ஓடும் என்றன. 2010-இல் அது 20 ஆண்டாக நீட்டப்பட்டது. 18 என்னும் எண்ணின் கடிகாரம் நிற்கும் இடம் அன்று அது. ஓடத் தொடங்கும் இடம். ஒரு குருவாக இதை எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது. தயங்கினாலும் எழுதத்தான் வேண்டும்.

அதிகாரம், கடமை, கணக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே சிக்கிய வழக்கு ஒன்று மேற்கு வங்கத்தில் எழுந்தது. 2018-இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டைவிட்டு வெளியேறி 25 வயது மனிதர் ஒருவருடன் வாழத் தலைப்பட்டாள். ஒரு குழந்தையும் பிறந்தது. அவர் தண்டிக்கப்பட்டார், 2023-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது, அத்தீர்ப்பின் கருத்துகளைக் கண்டு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, 2024 ஆகஸ்டில் குற்றத் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டியது. ஆனால் இதற்குள் சிறுமி வயது வந்த பெண்ணாகிவிட்டாள். அம்மனிதருடனேயே வாழ விரும்பினாள். அவரை மீட்கவே போராடினாள். நீதிமன்றம் என்ன செய்யும்? குழந்தையாக இருந்தபோது அவளுக்குச் சட்டப்படி கிட்ட வேண்டிய புகலும் கவனிப்பும் கிட்டவில்லை. எனவே நிபுணர் குழு ஒன்று அவளைச் சந்தித்து, அவளுக்குரிய உதவிகளை எடுத்துரைத்து, அவள் தெளிந்து முடிவெடுக்கத் துணைநிற்குமாறு நீதிமன்றம் பணித்தது. 2025 மே மாதத்தில், குற்றம் குற்றமே என நிறுத்தி, தண்டனையை மட்டும் தன் சிறப்பு அதிகாரத்தால் தவிர்த்தது. அவளையும் குழந்தையையும் பேணும் பொறுப்பை அரசின் மேல் வைத்தது.

இத்தீர்ப்பை ஒரு முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றமும் அவ்வாறு கருதவில்லை. இதில் ஒரு பாடம் உண்டு. 14 வயதில் செய்ய வேண்டிய கடமையை நாம் தவறவிட்டால், 18-க்குப் பின் அவள் தெரிவையும் மதித்து, அவளுக்கு நேர்ந்த தீங்கையும் மறவாமல் இருப்பது எவ்வளவு கடினமாகிவிடுகிறது! தாமதித்த நீதி தன் முன் நிற்பவர் இன்னார் என்பதையே மாற்றிவிடுகிறது.

இனிக் கடமை. வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு 21 வயது வரை ‘பின்பேணல்’ உண்டு என்று 2015-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. சிறப்புச் சூழ்நிலையில் 23 வரை நீட்டவும் விதிகள் இடம் தருகின்றன. நடுவண் அரசின் ‘வாத்சல்யா’ திட்டம் 2022-இல் வகுத்த நெறிமுறைகள் இதற்காக மாதம் 4,000 ரூபாயைக் குறிக்கின்றன. எழுத்தில் இருப்பது இவ்வளவு; என் திண்ணைக்கு வந்தவனுக்கோ அப்படியொன்று இருப்பதைச் சொன்னவர்கூட இல்லை. பிரான்சிலும் இதே கதைதான். 1974-இல் முழு வயதைக் குறைத்தவுடன், பராமரிப்பில் வளர்ந்தோர் மூன்றாண்டு முன்னதாகவே தெருவுக்கு வருவதைக் கண்டு, 1975 பிப்ரவரியில் ஓர் ஆணை பிறப்பித்தார்கள். விரும்பும் இளையோர் 21 வயது வரை நீதிபதியின் பாதுகாப்பைத் தாமே கேட்டுப் பெறலாம் என்றது அது. ‘தாமே கேட்டு’ என்பதைக் கவனியுங்கள்: அதிகாரம் முடிந்தது, கடமை தொடர்ந்தது. ஆயினும் நாளடைவில் அங்கும் பலர் வெறுங்கையராய் வெளியேற நேர்ந்தமையால், 2022-இல் வேறொரு சட்டத்தால் அக்கடமையை மீண்டும் வலியுறுத்த வேண்டியதாயிற்று.

“இப்படித் தாங்கிக்கொண்டே இருந்தால் அவர்கள் எப்போது வளர்வார்கள்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. சிறகு முளைத்த குஞ்சைக் கூட்டிலேயே அடைத்து வைப்பதும் கொடுமைதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். 18 நிறைந்த நாளில் மகனின் பெட்டியை வாசலில் வைக்கும் தாய் நம் பங்கில் உண்டா? கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம். வேலை கிடைக்கும்வரை சோறு போடுகிறோம். மகளின் பேறுகாலம் வரைக்கும் நம் வீடு அவள் வீடே. அதனால் நம் பிள்ளைகள் வளராமல் போய்விட்டார்களா? நம் பிள்ளைக்குப் பாசம் எனப்படுவது, பிறர் பிள்ளைக்கு மட்டும் சோம்பலை வளர்ப்பதாகிவிடுமோ? அறிவு தெளியும்வரை குழந்தை பெற்றோரின் பேணலில், ஒரு கருவறைக்குள் இருப்பது போன்றே இருக்கிறது என்கிறார் புனித தாமஸ். கருவறையை விட்டு வெளிவந்த குழந்தையை யாரும் தரையில் விட்டுச் செல்வதில்லை, கையில் ஏந்திக்கொள்கிறார்கள். பேணல் முடிவதில்லை, அதன் வடிவம் மாறுகிறது. முன்பு அவனுக்காகத் தீர்மானித்தோம். இனி அவன் தீர்மானிக்கையில் உடனிருக்கிறோம்.

உடனிருக்க ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் இழப்பீட்டுப் பங்கை, அவர்கள் மேஜர் ஆகும்வரை வங்கியில் வைப்பாக வைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். பத்தாண்டு முகம் காட்டாத உறவினர் சிலர், அந்த வைப்பு முதிரும் வாரத்தில் இனிப்புப் பொட்டலத்துடன் வந்து நிற்பார்கள். சட்டம் விலகிய கணத்தில் அன்பு வந்து நிற்க வேண்டும். அது வராவிடில் ஆசை வந்து நிற்கும்.

எங்கள் முதலியார்பேட்டையை ஊடறுத்துச் செல்லும் கடலூர்ச் சாலையில்தான் நீதிமன்ற வளாகம் இருக்கிறது. அதே சாலையில் ரோடியர் ஆலை இருக்கிறது. 2020-இல் முற்றாக மூடப்பட்டுவிட்டது. அந்த ஆலையின் சங்கொலி கேட்டு வளர்ந்த தலைமுறையில், அண்ணனோ மாமனோ கைபிடித்து அழைத்துப் போய் மேஸ்திரியிடம் “நம்ம பையன்” என்று சொன்னால் ஒரு வாழ்க்கை தொடங்கிற்று. யாருமற்ற இளைஞனுக்கு இல்லாதது அந்த ஒரு சொல்தான். வாடகைக்கு அறை கேட்டால் தகப்பன் பெயரைக் கேட்கிறார்கள். வேலைக்குப் போனால் தெரிந்தவர் யார் என்கிறார்கள். பெண் கேட்டால் உறவின்முறை எங்கே என்கிறார்கள். இவற்றுள் எதையும் நீதிமன்றத்தால் கொடுக்க இயலாது. ஒரு பங்கால் இயலும். பங்குக்கு ஒரு குடும்பம் முன்வந்து, ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ முகவரியாக, பிணையாக, கிறிஸ்து பிறப்பு நாளில் ஒரு இலையாக, திருமணத்தில் சாட்சியாக நின்றால் போதும். அவர்களை அடக்கி ஆள வேண்டியதில்லை. அறிவுரை கூறிக் களைப்படையச் செய்யவும் வேண்டியதில்லை.

அந்த நற்செய்தி நிகழ்ச்சி பெற்றோர் ஒதுங்கியதோடு முடிவதில்லை. தனித்து விடப்பட்ட மகன் துணிந்து பேசுகிறான், வெளியே தள்ளப்படுகிறான். அதைக் கேள்வியுற்ற இயேசு அவனைத் தேடிக் காண்கிறார். வயது வந்தவன்தானே, அவனே வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கண்டபின்னும் கட்டளையிடவில்லை, அவனிடம் ஒரு கேள்வி கேட்டு, அவன் மறுமொழிக்காக நிற்கிறார்.

என் திண்ணைக்கு வந்த இளைஞனைப் பின்னர் நானும் தேடிப் போனேன். கண்டுபிடிக்க மூன்று மாதங்கள் ஆயின. ஒரு பட்டறையின் பின்கட்டில் தங்கியிருந்தான். நான் கொடுத்த பரிந்துரைக் கடிதம் மடிப்புக் கலையாமல் அதே கோப்பில் இருந்தது. “இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை, சாமி” என்றான். இம்முறை நான் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. “உனக்கு என்ன வேண்டும், தம்பி?” என்று கேட்டேன். அவன் நெடுநேரம் யோசித்தான். அப்படி ஒரு கேள்வியை அவனிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை போலும்.